ஏரிக்கு ஏரி காவிப் போக: யாழ்ப்பாணத்துத் தம்பதிகளுக்கு ஒரு கனூப் பயண வழிகாட்டி

பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கக் கனடாவுக்குப் போகும் யாழ்ப்பாணத்துத் தம்பதிகளின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகும். நயாகரா, ரொறன்ரோக் கோபுரம், சில கோயில்கள், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சொந்தக்கார வீட்டில் மதியச் சாப்பாடு. அதற்குள் நான்கு நாளை ஒதுக்கி, நீங்கள் இரண்டு பேர் மட்டும் கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏறிக் காட்டு ஏரிகளுக்குள் போய் வாருங்கள். போக விரும்புகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

இடம், ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்கா. 1893இல் தொடங்கியது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அதாவது நமது யாழ் மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு. உள்ளே ஆயிரக்கணக்கில் ஏரிகள். ஒரு ஏரி முடிகிற இடத்தில் கனூவைத் தோளில் ஏற்றி, காட்டுப்பாதையால் நடந்து, அடுத்த ஏரியில் இறக்கவேண்டும். அந்த நடைபாதைக்குப் பெயர் போர்ட்டேஜ். அங்குள்ள முதற்குடி மக்கள் பிர்ச் மரப்பட்டையால் செய்த கனூக்களைக் காவிக்கொண்டு இப்படித்தான் ஏரிக்கு ஏரி போனார்கள். காவ முடிகிற அளவுக்குப் படகு இலேசாக இருந்ததால்தான் அது முடிந்தது.

"எங்களுக்கு இதெல்லாம் சரிவருமோ" என்று கேட்பவர்கள் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரருக்கு ஓர் ஏரி பெரிய விஷயமில்லை. ஆனால் ஆயத்தம் வேண்டும். அந்த ஆயத்தத்தில் பாதியை யாழ்ப்பாணத்திலேயே முடித்துவிடலாம்.

காவும் தூரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள்

புதியவர்கள் வரைபடத்தை விரித்தால் வடிவான ஏரி எது என்று பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது ஏரிகளுக்கு இடையில் மீற்றரில் எழுதியிருக்கும் எண்களை. ஒரு போர்ட்டேஜ் 1,000 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சாமானையும் ஒரே தடவையில் காவினால் நடை 1 கிலோமீற்றர். இரண்டு தடவையாகக் காவினால் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, மறுபடி போகவேண்டும்: 3 கிலோமீற்றர். மூன்று தடவை என்றால் 5. ஒரு நாளில் இப்படி இரண்டு போர்ட்டேஜ் வந்தால், சாமான் கூடிய தம்பதி பொழுதுபடும்போதும் நடந்துகொண்டிருக்கும். புருசன் பெண்சாதிக்குள் சத்தம் எழும்புவதும் அங்கேதான், தண்ணீரில் அல்ல.

ஆகவே முதல் பயணத்துக்கு ஒரே ஒரு சிறிய போர்ட்டேஜ் போதும். கனூ லேக் என்ற ஏரியில் வெளிக்கிட்டு வடக்கே போனால் அணைக்கட்டடியில் ஏறத்தாழ 300 மீற்றர் காவவேண்டும். அதன் பிறகு ஜோ லேக், ரீப்பீ லேக், லிட்டில் டோ லேக், ரொம் தொம்சன் லேக் என்று துடுப்பு போட்டே போகலாம். கடைசி ஏரியின் பெயர் ஓவியர் ரொம் தொம்சனுடையது. இந்தக் காட்டை வரைந்தே பெயர் பெற்றவர். 1917 யூலையில் கனூ லேக்கில் இறந்தார். எப்படி என்பது இன்னமும் வாதத்தில் இருக்கிறது.

முதல் நாள் ரொம் தொம்சன் லேக்குக்குப் போய்ச் சேருங்கள். இரண்டாம் நாள் கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கனூவில் சுற்றுங்கள். மூன்றாம் நாள் பாதி தூரம் திரும்பி ஜோ லேக்கில் தங்குங்கள். நான்காம் நாள் காலையில் வெளியே வாருங்கள். பெரிய வட்டப் பாதைகளை அடுத்த வருடம் பார்க்கலாம்.

எப்போது போவது, எப்படிப் பதிவது

அங்கே ஏரிப் பனி உருகுவது ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில். மே நடுவிலிருந்து யூன் முடியும் வரை கறுப்பு ஈயும் நுளம்பும் மனிதரை இருக்க விடாது. ஊர் நுளம்புக்குப் பழகிய தோல் என்று நினைக்கவேண்டாம். கறுப்பு ஈ கடித்த இடம் இரத்தம் கசிந்து வீங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்ரெம்பர் முதல் வாரம் வரை. தண்ணீர் ஓரளவு சூடாக இருக்கும், பூச்சி குறைந்திருக்கும். செப்ரெம்பர் முதல் திங்கள் அங்கே விடுமுறை. அந்த வார இறுதியைத் தவிருங்கள், சனம் நிரம்பிவிடும். மேப்பிள் இலை சிவக்கிற செப்ரெம்பர் கடைசி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தக் குளிர் முதல் பயணத்துக்கு ஏற்றதல்ல.

உள்காட்டில் தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். வரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பிருந்தே ஒன்ராறியோப் பூங்காக்களின் இணையத்தளத்தில் பதியலாம். நீங்கள் பதிவது ஏரியை. குறிப்பிட்ட இடத்தை அல்ல. அந்த ஏரியில் செம்மஞ்சள் பலகை உள்ள இடங்களில் எது காலியாக இருக்கிறதோ அங்கே கூடாரம் அடிக்கலாம். பிந்திப் போனால் மிச்சம் கிடப்பதுதான் கிடைக்கும். ஆகவே பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குள் போய்ச் சேரும்படி கணக்குப் போடுங்கள். விசா எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாததால், விசா கைக்கு வந்த பிறகே பதியுங்கள். வார நாட்களில் இடம் கிடைப்பது இலகு. வெளிநாட்டு மருத்துவக் காப்புறுதி எடுக்காமல் போகவே வேண்டாம்.

கனூவை வாடகைக்கு எடுக்கும் கடை கனூ லேக்கின் கரையிலேயே இருக்கிறது. கெவ்லர் என்ற பலமான செயற்கை இழையால் செய்த கனூ கேளுங்கள். வாடகை கொஞ்சம் கூட. ஆனால் எடை 20 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். அலுமினியக் கனூ 30 கிலோவையும் தாண்டும். இந்தப் பயணத்தில் காசைக் கூடச் செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான் என்பது என் எண்ணம். துடுப்பு, உயிர்காப்பு அங்கி, விசில், தண்ணீர் இறைக்கும் கோப்பை, 15 மீற்றர் மிதக்கும் கயிறு எல்லாம் கனூவோடு வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். துடுப்பு ஒன்று மேலதிகமாக வாங்குங்கள்.

ஊரிலேயே பழகவேண்டியவை

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். நீந்தத் தெரியாதவர் முதலில் தண்ணீருக்குப் பயம் தெளியவேண்டும். கீரிமலைக் கேணியும் காரைநகர் கசூரினாக் கடற்கரையும் அதற்கு நல்லவை. கசூரினாவில் கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் கிடக்கும். ஒரு உயிர்காப்பு அங்கி இரவல் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்து பாருங்கள். முகம் தண்ணீருக்கு மேல் நிற்கிறது என்பதை உடம்பு ஒருமுறை அறிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும்போது அங்கியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இருப்போம் அல்லவா, அது கனூவில் உதவாது. கொக்கிகள் எல்லாம் பூட்டி, கரையை விட்டது முதல் கரை சேரும் வரை போட்டிருக்கவேண்டும்.

துடுப்புக்குப் பரவைக்கடல்தான் பள்ளிக்கூடம். பண்ணைப் பக்கமோ அரியாலைப் பக்கமோ தெரிந்த கடற்றொழிலாளர் ஒருவரிடம் சொல்லி, காலையில் அவருடைய சிறிய வள்ளத்தில் போய்ப் பழகுங்கள். தனியே போகவேண்டாம். களங்கட்டி வலைகளும் அட்டைப் பண்ணை வேலிகளும் எங்கே நிற்கின்றன என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவை ஒருவருடைய பிழைப்பு. எந்த நேரம் காற்று எழும்பும் என்பதையும் அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள். சோளகக் காலத்தில் விடிய அமைதியாக இருந்த தண்ணீர் பத்து, பதினொரு மணிக்கு மேல் எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு, அல்கொன்குயினில் ஏன் விடிய ஏழு மணிக்கே வெளிக்கிடச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

அடுத்தது காவுதல். யாழ்ப்பாணம் மட்டமான மண்; ஏற்ற இறக்கத்துக்குக் கால் பழகியிருக்காது. போர்ட்டேஜ் பாதையில் மர வேரும் கல்லும் சேறும் ஏற்றமும் இருக்கும். ஆகவே மணற்காட்டு மணற்குன்றுகளுக்குப் போங்கள். முதல் வாரம் வெறுங்கையோடு ஏறி இறங்குங்கள். பிறகு முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசி. பிறகு பதினைந்து. காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் மணல் கால் வைக்க விடாது. காட்டில் போடப்போகும் சப்பாத்தையே இங்கேயும் போட்டு நடக்கவேண்டும். புதுச் சப்பாத்தோடு கனடாவில் இறங்குகிறவருக்குக் கொப்புளம் நிச்சயம்.

கனூவைத் தூக்குவது ஒருவர் வேலைபோலத் தெரியும். ஆனால் தோளுக்கு ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். திருவிழாவில் சுவாமி காவுகிறவர்கள் தோள் மாற்றும்போது வாய்ச் சொல் ஒன்றை வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல நீங்களும் உங்களுக்குள் நான்கு சொற்களை முடிவு செய்யுங்கள்: தூக்கு, நில், இறக்கு, பக்கம் மாற்று. வீட்டு முற்றத்தில் ஒரு நீள ஏணியைக் கனூவாக நினைத்து இதைப் பழகலாம்.

சாப்பாடும் சாமானும்

உள்காட்டுக்குள் தகரப் பேணியும் போத்தலும் கொண்டுபோகத் தடை. எரிபொருள், மருந்து, பூச்சி விரட்டி அடைத்த கலன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தத் தடை நமக்குக் கஷ்டமே இல்லை, ஏனென்றால் யாழ்ப்பாணத்துச் சமையலறையில் நெடுநாள் இருக்கும் உலர்ந்த சாப்பாடு நிறைய இருக்கிறது. பயத்தம்பணியாரத்தைப் போலப் போர்ட்டேஜ் நடைக்கு ஏற்ற பண்டத்தை அங்கே எந்தக் கடையிலும் காணமுடியாது. சிறியது, கைக்கு ஒட்டாது, ஒன்று தின்றால் அடுத்த ஏரி வரை தாங்கும். காலையில் அடுப்பு மூட்டத் தேவையில்லை: அவலை நனைத்து, தேங்காய்ப்பால் மாவும் பனங்கட்டியும் போட்டால் முடிந்தது. இரவுக்குச் சோறு, பருப்பு, சோயாமீற். வீட்டு மிளகாய்த்தூள் ஒரு சின்னப் பொதி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த நிலையில் 700 கிராம் என்று எடுத்தால், இருவருக்கு நான்கு நாளுக்கு ஐந்தரைக் கிலோ அளவில் வரும்.

கருவாடும் மாசியும் வேண்டவே வேண்டாம். நாசிக்கு அவை தூரத்திலிருந்தே தெரியும். கருங்கரடிக்கு இன்னும் தூரத்திலிருந்து தெரியும். ஊரிலிருந்து கொண்டுபோகிற எல்லாச் சாப்பாட்டுப் பொருளையும் கனடா விமான நிலையத்தில் அறிவிக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். சொல்லாமல் விட்டுப் பிடிபட்டால் தண்டம்.

உடுப்பில் பருத்தி குறையட்டும். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பொலியெஸ்ரர் சேட்டு இரண்டு, நீளக் காற்சட்டை இரண்டு, கம்பளிச் சுவெற்றர் ஒன்று, நல்ல மழைச்சட்டை. ஓகஸ்ட்டிலும் இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். மார்கழிப் பனியைக் குளிர் என்று சொல்கிற நாம் அதைக் குறைவாக எடைபோடக்கூடாது. விதிவிலக்காக ஒரு சாரம் மட்டும் கொண்டுபோங்கள். உடுப்பு மாற்ற, துவட்ட, தலைக்குக் கட்ட, அரிசி வடிக்கும் பானையைப் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் அது உதவும்.

எல்லாம் சேர்த்து இரண்டு முதுகுப்பை. மூன்றாவது பை வந்தால் எதையாவது வெளியே எடுங்கள். கையில் தூக்குகிற தனிச் சாமான் ஒன்றும் இருக்கக்கூடாது. தண்ணீர்க் குவளை முதற்கொண்டு எல்லாம் பைக்குள் போகவேண்டும் அல்லது பையோடு கட்டப்படவேண்டும். காட்டில் தொலைவது எப்போதும் கையில் வைத்திருந்த பொருள்தான்.

தண்ணீரில்

கனூ லேக் பெரியது, காற்று அள்ளும். விடியவே இறங்கி, கரையை ஒட்டிப் போங்கள். ஒருவர் அணியத்தில், மற்றவர் பின்பக்கம். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் துடுப்பு போடவேண்டும். முன்னால் இருப்பவர் தாளத்தை வைப்பார். பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றிக்கொண்டு திசையையும் பிடிப்பார். ஆண் தான் பின்னால் இருக்கவேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. எங்கள் இரண்டு பேரில் திசை பிடிப்பது நான்தான். அவருக்குத் தோள் பலம், எனக்கு நிதானம். பாரமானவர் முன்னால் இருந்தால் மட்டும், பைகளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்யுங்கள்.

அலை எழும்பினால் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலில் இருங்கள். எடை கீழே இறங்கினால் கனூ ஆடாது. அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், சற்றுச் சரிவாக முன்பக்கத்தால் வெட்டிப் போங்கள். முடியவில்லையா, கரையில் ஏறிக் காத்திருங்கள். இடி கேட்டால் உடனே கரை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். கவிழ்ந்தால் கனூவை விடாதீர்கள். அது மிதக்கும், தேடுகிறவர் கண்ணுக்கும் தெரியும். தண்ணீரின் குளிர் முதலில் மூச்சைப் பிடிக்கும். ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் மூச்சை மட்டும் சீராக்குங்கள், பிறகு கரைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம்.

போர்ட்டேஜில்

கரையில் கனூப் படம் போட்ட மஞ்சள் பலகை தெரியும். தூரமும் அதில் இருக்கும். கனூவைக் கல்லில் இடித்து ஏற்றவேண்டாம். முழங்கால் தண்ணீரில் ஒருவர் இறங்கிப் பிடிக்க, மற்றவர் இறங்கட்டும். இறங்கும் துறை சின்னது, பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும். ஆகவே சாமானை உடனே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கனூவைக் கவிழ்த்து வையுங்கள். ஒருவர் ஒரு முனையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கவேண்டும். மறுமுனை நிலத்திலேயே ஊன்றி நிற்கும். மற்றவர் உள்ளே நுழைந்து, நடுவில் குறுக்கே உள்ள நுகத்தடியைத் தோளில் வாங்கவேண்டும். "தூக்கு" என்று சொன்னதும் நிமிரலாம். கனூ காவுகிறவர் பாரமில்லாத பையை முதுகில் போட்டால் போதும். பாரமான பை மற்றவருக்கு. அந்தப் பைக்காரர் முன்னால் நடக்கட்டும். கனூவுக்குள் தலை இருப்பவருக்கு நாலடிக்கு அப்பால் தெரியாது. வேர், சேறு, எதிரே வருகிற ஆள் எல்லாவற்றையும் முன்னால் போகிறவர் சொல்லிக்கொண்டே போகவேண்டும். களைத்தால் கனூவின் முன்முனையை ஒரு மரக்கவட்டில் சாத்திவிட்டு வெளியே வந்து ஆறலாம். எதிரே கனூவோடு ஒருவர் வந்தால், பையோடு நிற்கிறவர்தான் ஒதுங்கி வழி விடுவது.

முதல் தடவை ஒரே நடையில் முடியாவிட்டால் இரண்டாக்குங்கள். 300 மீற்றரில் அது 900தான். வீம்புக்குக் காவி முதுகைப் பிடிக்கவைப்பதில் ஒரு பயனும் இல்லை. மறுகரையில் இறங்கியதும் துடுப்பு, அங்கி, பைகளை எண்ணிப் பார்த்துவிட்டே தள்ளுங்கள்.

கரையில் இரவு

கூடாரத்தை நெருப்பிடத்திலிருந்து தள்ளி அடியுங்கள். மேலே பட்ட கொப்பு தொங்குகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். ஏரித் தண்ணீரை வடிவாகக் கொதிக்கவைத்து ஒரு நிமிடமாவது கொதிநிலையில் விடுங்கள். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் வயிற்றோட்டக் கிருமி இருக்கும். சவர்க்காரம் எந்த வகையானாலும் ஏரிக்குள் வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் காட்டுக்குள் மூடி போட்ட மரப்பெட்டிக் கழிப்பறை இருக்கும். பட்டு விழுந்த விறகு மட்டும் பொறுக்கலாம். நெருப்புத் தடை இருக்கிறதா என்று பூங்கா வாசலில் கேட்டு, எப்படியும் சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றை அங்கே வாங்கிக்கொண்டு போங்கள். எரிவாயுக் கலனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

பொழுதுபட முன் சாப்பாடு, குப்பை, பற்பசை, சவர்க்காரம், வாசனை உள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மரத்தில் ஏற்றுங்கள்: நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரம், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி. வெளிச்சத்திலேயே கயிற்றை எறிந்து வையுங்கள். கருங்கரடி வந்தால் ஓடவேண்டாம். சேர்ந்து நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். இரவில் லூன் என்ற நீர்ப்பறவை நீளமாக அலறும். தெரியாதவர் பேய் என்று நினைப்பார்கள். எனக்கு அந்தக் குரலுக்காகவே திரும்பப் போகவேண்டும் போலிருக்கும்.

கைத்தொலைபேசிக்கு அங்கே பெரும்பாலும் அலை கிடைக்காது. எந்த ஏரியில் எந்த இரவு, எத்தனை மணிக்கு வெளியே வருவோம், பிந்தினால் யாருக்கு அறிவிப்பது என்று எழுதி ஸ்காபரோவில் உள்ள சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். செய்மதி மூலம் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். இனிப்பு வருத்தம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையிலும் வையுங்கள்.

திரும்பும் நாள்

கடைசி நாள் காலைச் சாப்பாட்டைச் சுருக்கி, காற்று எழும்ப முன் கனூ லேக்கைக் கடந்துவிடுங்கள். குப்பை எல்லாம் உங்களோடு வெளியே வரவேண்டும். கனூவைக் கழுவி ஒப்படைத்துவிட்டு, மதியத்துக்குள் சொந்தக்காரருடைய காரில் ஏறிவிடுவது நல்லது. 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பொழுதுபடுகிற நேரம் மூஸ் மான்கள் தெருவைக் கடக்கும். உயரமான மிருகம்; கறுத்த தோல் காரின் வெளிச்சத்தில் கிட்டப் போகும்வரை தெரியாது. பகலில் ஓடினால் அந்தப் பயம் இல்லை, இரவுச் சாப்பாட்டுக்கு ரொறன்ரோவுக்கும் வந்துவிடலாம்.